பழவேற்காட்டுக்குப் போனால் முதலில் மீன் ஏலத்துக்குப் போங்கள்

பட்டாபிராமிலிருந்து பழவேற்காட்டுக்கு முதல் தடவை போனபோது, உச்சி வெயிலில் நேராக டச்சுக் கல்லறைக்குத்தான் போனேன். வாசலில் செதுக்கியிருந்த எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு அரை மணியில் கிளம்பிவிட்டேன். பேருந்துக்கு நின்றபோது மீன் கூடை கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மா சொன்னார்: "காலாங்காத்தால வரணும்பா. இந்நேரத்துக்கு வந்தா இங்க இன்னா இருக்கும்?"

அவர் சொன்னபடியே அடுத்தடுத்துப் போனதில் கற்றுக்கொண்டவை இவை.

விடியலில் கிளம்புங்கள். பட்டாபிராம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சென்னை சென்ட்ரல் வரை போக வேண்டியதில்லை. பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தால் பொன்னேரி, அங்கிருந்து பேருந்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் பழவேற்காடு ஏரியில் பூநாரைகளையும் பார்க்கலாம். தொப்பி, குடிநீர் அவசியம்.

முதலில் மீன் ஏலம். இறாலும் நண்டும் மடவையும் படகிலிருந்து இறங்கி, சில நிமிடத்தில் கைமாறிவிடும். விலை கூவும் சத்தத்தைக் கேட்டபிறகுதான் இது வியாபாரத்தால் எழுந்த ஊர் என்பது எனக்கு உறைத்தது.

பிறகு கோட்டை. 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டி முடித்த ஜெல்டிரியா கோட்டை இன்று மேடும் புதரும்தான். அங்கே நின்று, "எதை வாங்க இவ்வளவு தூரம் வந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். துணி வாங்க வந்தார்கள். கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த கீழைத் தீவுகளில் நம் சோழமண்டலக் கரைத் துணிக்கு அத்தனை கிராக்கி. இங்கே துணி எடுத்து அங்கே கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கினார்கள். வண்ணக் கைக்குட்டை ஒன்றுக்கு இந்த ஊரின் ஆங்கிலப் பெயரையே வைத்து 'புலிகாட்' என்றார்கள். இதே கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். துணியின் பெருமை பேசும்போது அதையும் மறக்கக் கூடாது.

கல்லறைக்குக் கடைசியில் போங்கள். அந்த வியாபாரத்துக்காகக் கடல் தாண்டி வந்து ஊர் திரும்பாமல் போனவர்கள் அங்கே கிடக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனதால், இரண்டாம் முறை அந்தக் கற்களை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

படகு ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். யார் கூப்பிட்டாலும் நான் கரையிலேயே நின்றுவிடுவேன்.

வெறுங்கையோடு திரும்பாதீர்கள். இந்த ஊர்ப் பெண்கள் பனையோலையில் அழகாகக் கூடை முடைகிறார்கள். சொன்ன விலைக்கே ஒன்று வாங்குங்கள். நானூறு ஆண்டுக்கு முன் கப்பல்கள் சரக்கெடுக்க வந்த ஊர் இது. பார்க்க வருகிறவரைவிட வாங்க வருகிறவரிடம்தான் அது மனம் விட்டுப் பேசுகிறது.