உள்ளங்கையில் ஒரு சரக்குப் பெட்டி

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருப்பவர் தண்டவாளத்தை எளிதில் பார்க்க முடியாது. மேடையின் விளிம்பில் கண்ணாடிக் கதவுகள் நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால், இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1435 மில்லிமீட்டர். உலகின் பல நாடுகளிலும் இதுவே வழக்கமான அளவு. ஆனால், இதே தீவில் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதிவரை தஞ்சோங் பகார் நிலையத்திற்கு வந்துபோன கேடிஎம் ரயிலின் பாதை அகலம் 1000 மில்லிமீட்டர்தான். நீலகிரி மலை ரயில் இன்றும் இதே அகலத்தில்தான் ஓடுகிறது.

வேறுபாடு 435 மில்லிமீட்டர். பயணிக்கு இது ஒரு பொருட்டல்ல. அந்தப் பழைய ரயிலின் சரக்குப் பெட்டி ஒன்றைச் சிறிய அளவில் செய்து மேசைமேல் வைக்க நினைப்பவருக்கோ தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

சரக்குப் பெட்டியை ஏன் செய்ய வேண்டும்? எல்லாருடைய கண்ணும் இன்ஜின்மேல்தான் விழும். ஆயினும் சிங்கப்பூர் ரயிலின் கதையில் சரக்குப் பெட்டிக்குத் தனி இடம் உண்டு. 1903இல் டாங்க் ரோட்டிலிருந்து தீவின் வடகரை வரை ரயில் ஓடத் தொடங்கியபோது, ஜொகூருக்குப் பாலம் இல்லை. பயணிகள் படகேறி நீரிணையைக் கடந்தார்கள். பின்னர், சரக்குப் பெட்டிகளையே மிதவைகளில் ஏற்றிக் கடத்தினார்கள். ரப்பர் வணிகம் பெருகியபோது மிதவைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. கடற்பாலம் கட்டப்பட்டது. 1923 செப்டம்பரில் அதன்மேல் முதலில் ஓடியது சரக்கு ரயில். பயணிகள் ரயில் அக்டோபரில்தான் வந்தது.

இப்போது மேசைக்கு வருவோம். மாதிரி ரயில் தொகுப்பின் அட்டைப்பெட்டியில் 1:87 என்று எழுதியிருந்தால், உண்மைப் பெட்டியின் 87 மில்லிமீட்டர் மாதிரியில் ஒரே மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள். 1435ஐ 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16.5 வரும். அதனால், இந்த வகை மாதிரிகள் 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓடுகின்றன. 1000ஐ 87ஆல் வகுத்தால் 11.5தான் வரும். அதற்காக 12 மில்லிமீட்டர் பாதையைப் பயன்படுத்துகிறார்கள். கடைகளில் எளிதாகக் கிடைப்பது முதல் வகை. அதன் சக்கரங்களை அப்படியே மாட்டிவிட்டுக் கேடிஎம் நிறம் பூசினால், விவரம் தெரிந்தவர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு. பிரிட்டனின் உண்மையான ரயில்கள் ஐரோப்பிய ரயில்களைவிடச் சற்றுச் சிறியவை. 1:87 அளவில் செய்தால், அந்தக் காலத்து மோட்டார் இன்ஜினுக்குள் அடங்கவில்லை. ஆகவே, அங்கே பாதையை 16.5 மில்லிமீட்டராகவே வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் 1:76 அளவுக்குப் பெரிதாக்கினார்கள். கணக்குப்படி அந்தப் பாதை 18.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்தக் குறையோடுதான் பிரிட்டனில் மிகுதியான மாதிரி ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிலர் மட்டும் தண்டவாளத்தைத் தாங்களே அமைத்துச் சரியான அகலத்தில் ஓட்டுகிறார்கள்.

கேடிஎம் பெட்டியைச் செய்பவருக்கு ஒரு நடுவழி இருக்கிறது. சிலவகைத் தொகுப்புகளில் சக்கரங்களை அச்சின்மேல் உள்நோக்கி நகர்த்தலாம். 16.5இலிருந்து 12க்குக் கொண்டுவர, ஒவ்வொரு சக்கரத்தையும் 2.25 மில்லிமீட்டர் தள்ள வேண்டும். அச்சின் நீளம் மாறாததால் அடிச்சட்டத்தை வெட்ட வேண்டியதில்லை. ஆனால், பிரேக் கட்டைகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும்! சக்கரத்தைத் தொட வேண்டிய கட்டை, வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றையும் வெட்டி உள்ளே நகர்த்தி ஒட்ட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது.

மற்ற வேலைகள் எல்லாத் தொகுப்புகளுக்கும் பொதுவானவை. பிளாஸ்டிக் பாகங்கள் ஒரு சட்டத்தில் காய்களைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் ஒடித்தால் மூலை பெயர்ந்துவிடும். சிறிய வெட்டுக் குறடால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை அரத்தால் தேய்ப்பது நல்லது. பசை தடவுமுன் எல்லாவற்றையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். ஏனெனில், இதற்கான பசை காகிதப் பசையைப் போன்றதன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே உருக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தவறாக ஒட்டியதைப் பிரிப்பது மிகக் கடினம். அதன் ஆவி மூக்கில் ஏறாமல் இருக்க, சன்னல் திறந்திருக்க வேண்டும்.

பக்கப் பலகையையும் முனைப் பலகையையும் ஒட்டும்போது கணக்குப் பாடத்தில் பயன்படும் மூலைமட்டம் கைகொடுக்கும். அடிச்சட்டத்தின் இரு பக்கங்களும் நெருங்கிவிட்டால் சக்கரம் சுழலாது. விலகிவிட்டால் அச்சு கழன்று விழும். பசை முழுவதும் காய்வதற்குள் பெட்டியை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் நிறுத்த வேண்டும். நான்கு சக்கரங்களும் கண்ணாடியைத் தொட்டால் நல்லது. ஒன்று தூக்கிக்கொண்டிருந்தால், அந்தப் பெட்டி பாதை பிரியும் இடத்தில் கட்டாயம் தடம் புரளும். அப்போதே மெல்ல அழுத்திச் சரிசெய்துவிடலாம். மறுநாள் முடியாது.

எடை குறைவும் தடம் புரளக் காரணமாகும். ஓர் அச்சுக்கு 25 கிராம் என்பது பலர் பின்பற்றும் கணக்கு. ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புக் கடைகளில் வாங்கும் சில நட்டுகளைப் பெட்டிக்குள் ஒட்டினாலே போதும். வண்ணம் தெளிக்க மழை நாளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் பூச்சு சில நேரம் வெண்மையாக மங்கிவிடும். வீவக வீட்டின் பொதுத் தாழ்வாரத்தில் தெளிப்பதும் அண்டை வீட்டாருக்குப் பிடிக்காது.

அளவு சரிதானா என்ற ஐயம் எழுந்தால், ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான பாதை அதிகம் மிஞ்சவில்லை. 2011இல் ஜொகூர் சுல்தான் கடைசி ரயிலைத் தாமே ஓட்டிச் சென்ற பிறகு, தண்டவாளத்தின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அந்த 24 கிலோமீட்டர் வழி இன்று நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் உரியது. பழைய புக்கிட் தீமா நிலையத்தின் அருகே சிறிது தூரத்திற்குத் தண்டவாளம் இருக்கிறது. அங்கே செல்பவர் ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லலாம். தண்டவாளங்களின் வெளிவிளிம்பை அளக்கக் கூடாது. உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளக்க வேண்டும். சக்கரத்தின் விளிம்பு உரசிச் சென்றது அந்த உட்பக்கத்தில்தான்.