தானாக நகரும் ஜாய்ஸ்டிக்: தூக்கி எறியும் முன்...

கார் ரேஸ் விளையாடும்போது கையை எடுத்தாலும் கார் இடது பக்கமே இழுக்கிறது என்று என் மகன் சொன்னபோது, கன்ட்ரோலரைக் கீழே போட்டிருப்பாய் என்று அவனைத்தான் திட்டினேன். சோதித்துப் பார்த்த பிறகே தவறு அவனுடையது அல்ல என்று தெரிந்தது.

முதலில் சோதனை. கன்ட்ரோலரை யு.எஸ்.பி. போர்ட்டில் இணைக்கவும். இணைக்கும்போது ஸ்டிக்கைத் தொடாதீர்கள்; அந்த நேரத்தில் ஸ்டிக் இருக்கும் இடத்தையே நடு இடமாக எடுத்துக்கொள்ளும் கன்ட்ரோலர்களும் உண்டு. விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் விண்டோவில் உங்கள் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்டீஸ் கிளிக் செய்திடவும். டெஸ்ட் டேபில் ஒரு கட்டமும் அதனுள் சிறிய கூட்டல் குறியும் தெரியும். ஸ்டிக்கைத் தொடாதபோது குறி நடுவில் நிற்க வேண்டும். எங்களுடையது இடது பக்கம் ஒதுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது.

செட்டிங்ஸ் டேபில் உள்ள காலிப்ரேட் பட்டனை அழுத்தி, வரும் குறிப்புகளின்படி செய்தேன். குறி நடுவுக்கு வந்துவிட்டது. ஆனால் விளையாட்டில் கார் இழுப்பது நிற்கவில்லை! காரணம், எக்ஸ்இன்புட் முறையில் இயங்கும் விளையாட்டுகள் இந்த காலிப்ரேஷனைக் கண்டுகொள்வதில்லை. அவற்றுக்கு விளையாட்டின் கன்ட்ரோல் செட்டிங்ஸில் டெட் ஸோன் என்ற அளவைச் சற்று கூட்ட வேண்டும். நடுவைச் சுற்றியுள்ள சிறு அசைவுகளை விளையாட்டு பொருட்படுத்தாது. அதிகம் கூட்டினால் மெல்லத் திருப்புவது கடினமாகிவிடும்.

இதுவும் நோயை மறைப்பதுதான். பழைய ரேடியோவில் வால்யூம் திருகும்போது கரகரவென்று சத்தம் வருமே, அதே கோளாறுதான் இங்கும். ஸ்டிக்கின் அடியில் மேல்-கீழ் அசைவுக்கு ஒன்று, இட-வல அசைவுக்கு ஒன்று என இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் உள்ளன. அவற்றின் கார்பன் பட்டையில் தூசி படிந்தாலோ, பட்டை தேய்ந்தாலோ தவறான அளவு போகும்.

தூசி என்றால் சரிசெய்யலாம். கேபிளையும் பேட்டரியையும் நீக்கிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் ஸ்டிக்கைச் சாய்த்து அடியில் சுற்றிலும் துடைக்கவும். பிறகு ஸ்டிக்கை நன்றாகச் சுழற்றி, முழுவதும் உலரவிட்டு இணைக்கவும். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது, பிளாஸ்டிக் உருகும். வாரண்டி இருந்தால் திருகாணியைத் தொடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

எங்களுக்கு இரண்டு முறை துடைத்ததில் சரியானது. பட்டையே தேய்ந்திருந்தால் ஸ்டிக் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். சாலிடரிங் பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது. புதிதாக வாங்குவதானால் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதா என்று கேளுங்கள். காந்தத்தால் இயங்குவதால் உரசித் தேயும் பட்டை அதில் இல்லை. 1998-ல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இந்த முறை இருந்தது.