வாடாத பயிரில் வந்த நோய்

சோற்றை ஐயுறுவார் எவருமிலர். நீரைக் காய்ச்சிக் குடிக்கின்றோம்; மீனை முகர்ந்து பார்க்கின்றோம்; பழத்தை அழுத்திப் பார்த்து வாங்குகின்றோம். ஆயின், நன்கு விளைந்த நெல்லின் சோறு தட்டில் வந்தபின், இதனால் தீங்கு விளையுமோ என்று வினவுவதில்லை. பயிர் செழித்திருந்தால் உணவும் நன்றாயிருக்கும் என்பது உழவர்குடியில் வழிவழி வந்த நம்பிக்கை. அது பெரும்பாலும் உண்மையே. எனினும், உலோகச் சுரங்கத்தின் கழிவுநீர் பாயும் வயல்களில் அந்நம்பிக்கை பொய்த்துவிடும். அவ்வாறு பொய்த்ததனால் ஒரு நாட்டின் உழவர் பட்ட துன்பத்தையும், அதிலிருந்து அவர்கள் மீண்ட வகையையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். நம்மைப் போலவே சோற்றை முதலுணவாகக் கொண்ட யப்பானிய மக்களின் வரலாறு இது.

ஆறும் சுரங்கமும்

யப்பானின் நடுப்பகுதியில் கிபு மாநில மலைகளிலே கமியோக்கா என்னும் சுரங்கம் உள்ளது. பண்டு வெள்ளிக்குப் பேர்பெற்றிருந்த இச்சுரங்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிற்சுயி நிறுவனத்தாரின் கைக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஈயத்தோடு துத்தநாகமும் பெருமளவில் எடுக்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கும் நீர் ஜின்சூ என்னும் ஆறாகித் தொயாமா மாநிலத்துச் சமவெளியை அடைந்து, அங்குள்ள வயல்களுக்குப் பாய்ந்து, பின் கடலிற் கலக்கின்றது. உழவர் அவ்வாற்று நீரையே வயலுக்குப் பாய்ச்சினர், குடித்தனர், அதில் மீன் பிடித்தனர்.

இனி, துத்தநாகத்தோடு வரும் மற்றொரு மூலகத்தை அறிதல் வேண்டும். ஆவர்த்தன அட்டவணையில் துத்தநாகத்தின் நேர் கீழே நிற்பது கட்மியம். 1817ஆம் ஆண்டில் இதனைக் கண்டுபிடித்தவர் செருமானிய இரசாயனர் சிற்றோமையர். ஒரே கூட்டத்தைச் சேர்ந்த இவ்விரு மூலகங்களும் இயல்பில் ஒத்தன ஆதலின், துத்தநாகத் தாது உள்ள இடத்தில் கட்மியமும் சிறிதளவு கலந்தே இருக்கும். தாதுக்கல்லை மாவாக அரைத்து, நீரிலிட்டு, நுரையோடு மிதக்கச் செய்து உலோகத் தாதைப் பிரிப்பது சுரங்கத்தார் கையாண்ட முறை. பிரித்தபின் எஞ்சிய நுண்டூள் நீரோடு ஆற்றிற் சென்றது. போர்க்காலங்களில் உலோகத்தின் தேவை மிகமிக, ஆற்றிற் சென்ற தூளும் மிகுந்தது.

உழவர் ஒன்றும் அறியாதிருந்தனர் அல்லர். ஆற்றுநீர் வயலுள் நுழையும் வாய்மடையை அடுத்துச் சேறு படிவதையும், அங்கே நெற்பயிர் குன்றி நிற்பதையும் அவர்கள் கண்டனர். பயிர்ச்சேதம் குறித்து முறையிட்டும் வந்தனர். ஆனால், மடையிலிருந்து விலகிச் செழித்து நின்ற பயிரை அவர்கள் ஐயுறவில்லை. ஐயுறுதற்கு அவர்களிடம் காரணமும் இருக்கவில்லை.

வலியே பெயரான நோய்

அவ்வூர்களிலே நடுவயது கடந்த பெண்களை ஒரு நோய் பற்றியது. முதலில் இடுப்பிலும் முதுகிலும் தோன்றிய வலி பின்னர் உடலெங்கும் பரவியது. நடை தள்ளாடியது. எலும்புகள் மெலிந்தன, இருமினாலும் விலா எலும்பு முறியும் நிலை வந்தது. உடல் குறுகிப் பலர் படுக்கையிற் கிடந்தனர். அவர்கள் ஓயாது அரற்றிய சொல்லே நோயின் பெயராயிற்று. யப்பானிய மொழியில் ‘இத்தாய்’ என்றால் ‘வலிக்கிறது’ என்பது பொருள். 1955ஆம் ஆண்டில் இந்நோய் வெளியுலகிற்குத் தெரியவந்தபோது ‘இத்தாய் இத்தாய் நோய்’ என்றே வழங்கலாயிற்று.

பிள்ளை பெற்று, வயலிலும் வீட்டிலும் ஓய்வின்றி உழைத்து, போதிய உணவின்றி மெலிந்ததனால் வந்த நோய் என்றனர் சிலர். அவ்வூர்களுக்கே உரிய சாபக்கேடு என்றனர் வேறு சிலர். நோயுற்றவர் வெட்கி வீட்டினுள் மறைந்திருந்தனர்.

ஒரு வைத்தியரின் வரைபடம்

ஹகினோ நொபொரு என்பவர் அவ்வூரிலேயே மருத்துவக் குடும்பத்திற் பிறந்தவர். போர்ப்பணி முடிந்து 1946ஆம் ஆண்டில் ஊர் திரும்பிய இவ்வைத்தியரிடம் அந்நோயாளர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். நோயாளரின் வீடுகளை அவர் நிலப்படத்திற் குறித்தார். புள்ளிகள் எங்கும் சிதறிக் கிடக்கவில்லை. ஜின்சூ ஆற்றுநீர் பாயும் வயல்களைச் சூழ்ந்தே நின்றன. அதற்குக் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள கிளையாறுகளின் நீரைப் பாய்ச்சிய ஊர்களில், அதே உழைப்பும் அதே உணவுப் பழக்கமும் இருந்தும், நோய் இல்லை. உழைப்பு மிகுதியும் ஊட்டக்குறையும் நோய்க்குக் காரணமாயின், அவை ஆற்றின் எல்லையோடு நின்றுவிடுமோ?

1957ஆம் ஆண்டில், சுரங்கக் கழிவே நோய்க்குக் காரணம் என்னும் தம் கருத்தை அவர் மருத்துவர் கூட்டத்தில் வெளியிட்டார். பலர் அதனை ஏற்கவில்லை. பட்டிக்காட்டு வைத்தியரின் கற்பனை என்று இகழ்ந்தாரும் உளர். ஊரவரிற் சிலரே மனம் நொந்தனர். இச்செய்தி பரவினால் நம் நெல் விலைபோகாது, நம் வீடுகளுக்குப் பெண் கொடுப்பாரும் இரார் என அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை நாம் எளிதாகப் பழித்தலாகாது. நெல்லையே நம்பி வாழ்வார்க்கு அஃது இயல்பே. எனினும் அவர் பின்வாங்கவில்லை. பயிரியல் அறிஞர் யொசியோக்காவும் நீர் ஆராய்ச்சியில் வல்ல இரசாயன அறிஞர் கொபயாசியும் அவரோடு சேர்ந்தனர். 1961ஆம் ஆண்டில் அவர்கள் கட்மியமே காரணம் என்று அறிவித்தனர்.

கட்மியம் கதிருள் ஏறும் வழி

மண்ணில் உள்ள உலோகம் மணியுள் ஏறுவது எவ்வாறு? வயலில் நீர் நிறைந்து நிற்கும்போது மண்ணில் ஒட்சிசன் அற்றுப்போகின்றது. அந்நிலையில் கட்மியம் கந்தகத்தோடு கூடி, நீரிற் கரையாத சல்பைட்டாக அடங்கிக் கிடக்கும். அறுவடைக்கு முன் நீரை வடித்து வயலைக் காயவிடுவது வழக்கம். காற்றுப் பட்டதும் சல்பைட்டு ஒட்சியேற்றமடைந்து கரையும் தன்மை பெறும். கதிர் முற்றும் அவ்வேளையிலேதான் வேர் அதனை உறிஞ்சுகின்றது. நெற்பயிரின் வேர் மங்கனீசை உள்ளே கொள்ளுதற்கென வைத்துள்ள வாயிலினூடாகவே கட்மியமும் நுழைகின்றது என்பதை 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின.

இங்கே கருதவேண்டிய உண்மை ஒன்றுண்டு. மனிதனுக்குத் தீங்கு செய்யும் அளவு கட்மியம் மணியில் ஏறிய பின்னும் பயிருக்கு ஒரு வாட்டமும் தோன்றாதிருத்தல் கூடும். இலை பசுமையாகவே இருக்கும்; கதிர் தலை சாய்க்கும்; மணி பொலியும். அரிசியைத் தீட்டினாலும் அது பெரிதும் நீங்காது, சமைத்தாலும் அழியாது, சுவையிலும் மணத்திலும் வேறுபாடில்லை. வாடிய பயிர் உழவனை எச்சரிக்கும். வாடாத பயிரோ எச்சரிக்காது.

உடலினுட் சென்ற கட்மியம் சிறுநீரகத்திற் சென்று தங்குகின்றது. அங்கே அதன் பாதியளவு நீங்குதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் வரை செல்லும். ஆதலின், நாள்தோறும் உண்ணும் சிற்றளவு பல்லாண்டில் பேரளவாகின்றது. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதுற, உடல் காக்கவேண்டிய கல்சியமும் பொசுபேற்றும் சிறுநீரோடு வெளியேறுகின்றன. உயிர்ச்சத்து டி செயற்படும் வடிவினை அடைவதும் குறைகின்றது. இவற்றால் எலும்பு உறுதியிழந்து மென்மையாகின்றது. இரும்புச்சத்துக் குறைந்த உடல் கட்மியத்தைக் கூடுதலாக ஏற்கும் இயல்புடையது. பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரே பெரிதும் துன்புற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

மன்றில் எழுந்த வினா

1966ஆம் ஆண்டில் ஊரவர் கொமற்சு யொசிகிசா என்பவரைத் தலைவராகக் கொண்டு ஒரு சங்கம் அமைத்தனர். 1968 மார்ச்சில் நோயாளரும் அவர்தம் குடும்பத்தாரும் தொயாமா மாவட்ட நீதிமன்றிலே வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு மே 8ஆம் நாள், சுரங்கத்திலிருந்து வந்த கட்மியமே இந்நோய்க்கு அடிப்படை என யப்பானிய அரசும் அறிவித்தது. தொழிலால் விளைந்த மாசினால் வந்த நோயென அந்நாட்டரசு ஏற்றுக்கொண்ட முதல் நோய் இதுவே.

வழக்கில் எழுந்த வினா பெரிது. ஒவ்வொரு நோயாளரும் எவ்வளவு கட்மியம் உண்டார் என்பதை அளந்து காட்டவேண்டும் என்றது நிறுவனம். முப்பது ஆண்டுச் சோற்றை எவர் நிறுத்துக் காட்டவல்லார்? 1971 யூன் 30இல் வந்த தீர்ப்பு, நோய் எங்கே, எவரிடை, எந்நீரைத் தொடர்ந்து பரவியது என்பதை ஆராய்ந்து பெற்ற சான்றே போதுமெனக் கொண்டு, வழக்காளிகளின் பக்கம் நின்றது. வைத்தியரின் நிலப்படத்திற் கண்ட முறையே மன்றிலும் நிலைபெற்றது. 1972 ஓகத்து 9இல் மேன்முறையீட்டு மன்றும் அதனையே உறுதிசெய்தது.

அடுத்த நாள் ஊரவர் தலைநகராகிய தோக்கியோவிலுள்ள நிறுவனத்தின் தலைமையகத்திற்குச் சென்று மூன்று உறுதிகளை எழுத்திற் பெற்றனர். முதலாவது, நோயாளர்க்கு ஈடு. இரண்டாவது, கெட்ட மண்ணைத் திருத்துதல். மூன்றாவது, ஊரவர் வேண்டும்போது தம் அறிஞரோடு சுரங்கத்துள் நுழைந்து பார்வையிடும் உரிமை. அப்பார்வையின் செலவையும் நிறுவனமே ஏற்றது. இம்மூன்றனுள் மூன்றாவதே தலையாயது என்பது எம் கருத்து. ஈடு கடந்த துன்பத்திற்கு, திருத்தம் நிகழ்காலத்திற்கு, பார்வையிடும் உரிமையோ இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு.

மண்ணை மீட்டல்

1970ஆம் ஆண்டில் யப்பான் வயல்மண் மாசைத் தடுக்கச் சட்டமியற்றியது. தவிடு நீக்காத அரிசி ஒரு கிலோவில் 1 மில்லிகிராம் கட்மியம் என்பதை அன்று எல்லையாக வகுத்தது. 2011இல் அவ்வெல்லை 0.4 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. ஜின்சூ வடிநிலத்தில் 1979ஆம் ஆண்டளவில் தொடங்கிய மண் திருத்தம் 2012இலேதான் நிறைவெய்தியது. கெட்ட மேல்மண்ணை ஆழப் புதைத்து, அதன்மேல் இறுக்கமான அடுக்கு ஒன்றை இட்டு, வேறிடத்திலிருந்து கொணர்ந்த நன்மண்ணைப் பரப்பினர். இங்ஙனம் 863 எக்டேயர் வயல் மீட்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 4,000 கோடி யென். நோயாளரென முறைப்படி ஏற்கப்பட்டோர் இருநூற்றுவர் அளவினர். கழிவைத் தொடக்கத்திலேயே தடுத்திருப்பின் வந்திருக்கும் செலவு இதனினும் சிறிதே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மண்ணை மாற்றவியலாத இடங்களுக்கு வேறு வழிகளும் காணப்பட்டுள்ளன. கதிர் வெளிவருவதற்கு மூன்று கிழமை முன்னும் பின்னும் வயலில் நீரை நிறுத்திவைப்பின் கட்மியம் மணியில் ஏறுவது வெகுவாகக் குறையும். ஆயினும், நீர் நின்ற மண்ணில் ஆசனிக்கு என்னும் நஞ்சு கரைந்து பயிரில் ஏறும் ஆதலின், ஒன்றைத் தடுக்கப்போய் மற்றொன்றை வரவழையாதபடி அளவறிந்து செய்தல் வேண்டும். கட்மியத்தை மிகக் குறைவாகவே ஏற்கும் நெல்லினமும் யப்பானிய ஆராய்ச்சியாளரால் உருவாக்கப்பட்டுள்ளது.

கமியோக்காவில் தாது அகழ்தல் 2001ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. அம்மலையின் ஆழத்தில், நியூத்திரினோ என்னும் நுண்துகளை ஆராயும் பெருங்கூடம் இன்று இயங்குகின்றது. அம்மலையிற் செய்த ஆராய்ச்சிகளுக்காக 2002இலும் 2015இலும் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் கமியோக்காவை இப்போது அப்புகழாலேயே அறியும். ஆயினும் பழைய சுரங்கவழிகளினூடே நீர் ஊறிக்கொண்டே இருக்கின்றது. குவித்த எச்சத்தூளும் அங்கேயே உள்ளது. ஆதலின் ஊரவர் ஆண்டுதோறும் அறிஞரோடு மலையேறிப் பார்வையிட்டு வருகின்றனர். ஆற்றில் கட்மியம் இயற்கை ஆறுகளின் அளவுக்கு இறங்கியது அவர்தம் விழிப்பினாலேயே.

முடிவுரை

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்றே. சுரங்கத்தை அடுத்த வயலின் விளைவைக் கண்ணால் மட்டும் மதிப்பிடலாகாது, அளந்தறிதல் வேண்டும். அளக்கும் உரிமையும், அளந்ததை அறியும் உரிமையும் அச்சோற்றை உண்பவரிடம் இருத்தல் வேண்டும். அரசும் பல்கலைக்கழகங்களும் காணுமுன்னே ஓர் ஊர் வைத்தியர் கண்டார். காரணம், தம்மிடம் வந்தோர் எங்கிருந்து வந்தனர் என்று அவர் கேட்டார்.

மாணவ அன்பர்களே! ஆவர்த்தன அட்டவணையில் துத்தநாகத்தின் கீழ் கட்மியம் நிற்பதை நீங்கள் பரீட்சைக்காக மனனஞ் செய்கின்றீர்கள். ஓர் ஆற்றங்கரையிலே தாய்மார் பலர் அவ்விரு மூலகங்களின் உறவைத் தம் எலும்பினாற் கற்றனர். நாளை நீங்கள் பொறியியலாளராய்ச் சுரங்கம் அகழலாம். வைத்தியராய் ஊரில் இருக்கலாம். நீதிபதியாய் மன்றில் அமரலாம். வயலிலே மடை திறக்கலாம். எந்நிலையில் நின்றாலும், மேட்டில் விடும் நீர் எவருடைய வயலில் முடிகின்றது என்னும் வினாவை மறவாதிருப்பீர்களாக.