மேகசினை உருவிவிட்டால் பிஸ்டல் காலியா?

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் லைசென்ஸுடன் ஒரு .32 பிஸ்டல் உண்டு. எழுபது வயது தாண்டியதால் அதை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். லைசென்ஸுக்காக ஒரு பயிற்சிக்குப் போய் வந்தேன். அதைத் தவிர எனக்குத் துப்பாக்கிப் பழக்கம் இல்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் வீடு. ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மேகசினைக் கழற்றி பீரோவில் வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். மச்சான் அது போதாது என்கிறார். அப்பா எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் "காலிதான்" என்பார். அவர் சொன்ன பிறகும் நான் திறந்து பார்த்தால் அவரை நம்பாதது போல் ஆகிவிடாதா? பனிக்காலத்தில் துருப்பிடிக்காமல் காப்பது எப்படி என்றும் சொல்லுங்கள்.
– வாசகர், ஏற்காடு

பதில்: உங்கள் மச்சான் சொன்னதுதான் சரி. மேகசினை உருவி மேசைமேல் வைத்துவிட்டு, இனி ஒன்றுமில்லை என்று ட்ரிகரை அழுத்தியவர்களால் எத்தனையோ வீடுகளில் உயிர் போயிருக்கிறது.

ரிவால்வரில் உருளையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் அப்படித் தெரியாது. சுட்ட வேகத்திலேயே ஸ்லைடு பின்னால் ஓடிக் காலி கேஸை வெளியே வீசுகிறது. ஸ்பிரிங் அதை மறுபடி முன்னால் தள்ளும்போது, மேகசினின் மேலே இருக்கும் தோட்டாவையும் சேம்பருக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து சேம்பரில் இருக்கும் தோட்டாவுக்கும் மேகசினுக்கும் சம்பந்தம் இல்லை. மேகசினை எடுத்தாலும் அது அங்கேயே இருக்கும். மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி அமைத்த மாடல்கள் உண்டு, பிரௌனிங் ஹை-பவர் அந்த வகை. கோல்ட் 1911-ல் அந்த ஏற்பாடு கிடையாது. உங்களுடையது எந்த வகையானாலும், சுடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காலி செய்வதில் வரிசை முக்கியம். விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, பேரலை ஒட்டி நீண்டிருக்கட்டும். முதலில் மேகசினை உருவி எடுத்துவிடுங்கள். பிறகு ஸ்லைடை முழுசாகப் பின்னால் இழுங்கள். உள்ளே தோட்டா இருந்தால் வெளியே வந்து விழும். ஸ்லைடைப் பின்னாலேயே நிறுத்தி, வெளிச்சத்தில் சேம்பரைப் பாருங்கள், சுண்டுவிரல் நுனியால் தொட்டும் பாருங்கள். தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கி தேய்ந்திருந்தால் ஸ்லைடை இழுத்தும் தோட்டா உள்ளேயே தங்கிவிடலாம், அதனால்தான் கண்ணோடு விரலையும் சேர்க்கச் சொல்கிறேன். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால், ஒரு தோட்டா வெளியே போய் அடுத்தது உள்ளே வந்துவிடும். பார்ப்பவருக்குத் தோட்டா வெளியே விழுந்ததுதான் தெரியும்.

இதைச் செய்யும்போது முனை எதை நோக்கி இருக்கிறது? பக்கத்து அறைச் சுவரை நோக்கியோ, சிமெண்ட் தரையை நோக்கியோ இருக்கக் கூடாது. தரையில் பட்ட குண்டு எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வாளி நிறைய உலர்ந்த மணலை நிரப்பி அறை மூலையில் வைத்துக்கொண்டு, முனையை அதற்குள் காட்டியே காலி செய்யுங்கள். சேஃப்டி கேட்ச் போட்டிருக்கிறதே என்று இதில் எதையும் தளர்த்தாதீர்கள். அது ஒரு சின்ன இரும்புத் துண்டு, தேயக்கூடியது.

இனி அப்பா விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது இதுதான். பெரியவர் சொன்னதைச் சரிபார்ப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியது. ஆனால் உங்கள் அப்பா வளர்ந்த ராணுவத்தில் அப்படி இல்லை. "ஜாஞ்ச் சஸ்த்ர" என்று ஆணை வந்தால் ஒவ்வொருவரும் ஆயுதத்தைத் திறந்து காட்ட வேண்டும். இருபது வருட சர்வீஸ் இருந்தாலும் விலக்கு இல்லை. அங்கே யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பாவிடமே போய், "நீங்கள் காட்டுங்கள், நானும் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், அவர் சந்தோஷப்படுவார் என்றே நம்புகிறேன். கொடுப்பவர் ஸ்லைடைத் திறந்து வைத்துக் கொடுக்கட்டும், வாங்குபவர் தானும் பார்த்து வாங்கட்டும். நீங்கள் அவரிடம் கொடுக்கும்போதும் இதே முறைதான். ஐந்து நிமிடம் மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாலும், மறுபடி எடுக்கும்போது மறுபடி பாருங்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பீரோ போதவே போதாது. பீரோச் சாவி எங்கே தொங்குகிறது என்று வீட்டில் முதலில் தெரிந்துகொள்பவர்கள் அவர்கள்தான். சுவரோடு போல்ட் போட்டுப் பொருத்திய இரும்பு லாக்கரில் காலி பிஸ்டலை வையுங்கள். தோட்டாக்களுக்கு வேறு இடம், வேறு பூட்டு. சாவி உங்களிடமே இருக்கட்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு ட்ரிகரை அழுத்தப் பலம் ஏது என்று நினைக்காதீர்கள். சிறு குழந்தைகள் துப்பாக்கியைத் தங்கள் பக்கம் திருப்பிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்துவார்கள். பெரியவனிடம் ஒளித்துப் பேச வேண்டாம், ஒளித்தால் தேடுவான். எங்கே துப்பாக்கியைப் பார்த்தாலும் தொடாதே, அந்த இடத்தை விட்டு வா, பெரியவர்களிடம் சொல் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

துரு பற்றி. ஏற்காட்டுப் பனிக்கு இரும்பு தாங்காது, விரல் வியர்வையின் உப்பும் சேர்ந்தால் சீக்கிரமே பழுப்புப் புள்ளிகள் வரும். தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட ரசாயனமும் இரும்பை அரிக்கும். லாக்கருக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போதும், அவ்வப்போது மாற்றுங்கள். பனியும் மழையும் இருக்கும் மாதங்களில் மாதம் ஒருமுறையாவது எடுத்து, காலி என்று பார்த்துவிட்டு, லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். சுட்டிருந்தால் அன்றே சுத்தம் செய்ய வேண்டும்.

சுத்தம் செய்ய உட்காரும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. சில மாடல்களைப் பிரிக்க ட்ரிகரை அழுத்தியாக வேண்டும் என்பதால், துடைக்கும்போதே வெடித்த சம்பவங்கள் உண்டு. பேரல் தனியாகக் கழன்றால் சேம்பர் பக்கத்திலிருந்தே ராடை விடுங்கள், முனைப் பக்கம் தேய்ந்தால் குறி கெடும். பித்தளைப் பிரஷ், சால்வென்ட், பிறகு வெள்ளைத் துணி. அப்பா அதை "சிந்தி" என்பார். கறை வராதவரை சிந்தியை மாற்றிக்கொண்டே இருங்கள். கடைசியில் எண்ணெய், ஒரு படலம் அளவுக்குத்தான். சொட்டச் சொட்ட விட்டால் அது தோட்டாவின் அடியில் உள்ள பிரைமருக்குள் கசிந்து, வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போகலாம். மேகசினின் உட்புறம் உலர்ந்தே இருக்கட்டும். வீட்டுத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், உங்கள் ஊர்க் குளிரில் அது உறைந்து ஸ்லைடைப் பிடித்துக்கொள்ளும். கன் ஹவுஸில் துப்பாக்கி எண்ணெய் கேட்டு வாங்குங்கள். துரு குழியாக இறங்கியிருந்தால் உப்புத்தாள் போடாதீர்கள். லேத் பட்டறைக்கும் கொண்டுபோகாதீர்கள்; துப்பாக்கி பழுதுபார்க்கத் தனி லைசென்ஸ் தேவை.

தோட்டா வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் .32 ரிவால்வரும் பரவலாக இருக்கிறது. அதன் தோட்டா நீளமானது, உங்கள் பிஸ்டலுக்கு உரியது குட்டையானது. ".32 கொடுங்கள்" என்று மட்டும் கேட்காமல் பிஸ்டலுக்கு என்று சொல்லிப் பெட்டியைப் படித்து வாங்குங்கள். ரேஞ்சில் சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். குண்டு பேரலிலேயே சிக்கியிருக்கலாம், அடுத்த குண்டு அதில் மோதினால் பேரல் வெடித்துவிடும். ட்ரிகரை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருந்துவிட்டு, பிறகு மேகசினை எடுங்கள்.

லைசென்ஸ் இப்போது உங்கள் பெயரில் இருப்பதால் அப்பா பழைய பழக்கத்தில் அதை வெளியே எடுத்துப் போகக் கூடாது. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும், முடியுமுன் புதுப்பியுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்து ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால், வீட்டிலேயே காலி செய்து, தோட்டாவைத் தனிப் பையில் போட்டுக் கொண்டுபோய், ரசீது வாங்கி வையுங்கள். திரும்ப வாங்கும்போது நம்பரைச் சரிபார்த்து, ஸ்லைடைத் திறந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அன்று இரவே ஒருமுறை பிரித்துத் துடைத்துவிடுங்கள், வாரக்கணக்கில் எண்ணெய் படாமல் இருந்திருக்கும்.