உயிரியல் வகுப்பின் ஒழுங்குகள்: ஏன், எதற்கு?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

மேல்நிலை வகுப்பில் உயிரியல் பாடத்தை எடுக்கும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு பட்டியல் கிடைத்துவிடுகிறது. படங்களைப் பென்சிலால்தான் வரைய வேண்டும். பாகங்களைக் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. அறிவியல் பெயருக்கு அடிக்கோடு இட வேண்டும். நுண்ணோக்கியை இரு கைகளாலும் தூக்க வேண்டும். செய்முறை வகுப்புக்கு வராதவர் ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் கேட்கக் கூடாது. வரலாற்றுப் பாடத்துக்கோ கணக்குப் பாடத்துக்கோ இத்தனை கட்டளைகள் இல்லை.

கட்டளைகள் சொல்லப்படுகின்றன, காரணங்கள் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. காரணம் தெரியாத கட்டளை மதிப்பெண்ணுக்காகப் பின்பற்றப்படும். மதிப்பெண் வந்ததும் மறக்கப்படும். உண்மையில் இந்த ஒழுங்குகள் யாவும் ஒரே நோக்கத்துக்காக ஏற்பட்டவை. கண்ணால் கண்டதைக் கண்டபடியே பதிவு செய்யும் பழக்கத்தை உண்டாக்குவதே அந்நோக்கம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

பாடமும் மதிப்பெண்ணும்

தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு பள்ளி இறுதி வகுப்பை முடித்தவர்கள் கல்லூரிக்கு வந்து புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்றனர். நுண்ணோக்கியும் செய்முறையும் அவர்களுக்குக் கல்லூரி ஆய்வகத்தில் கிடைத்தன. மேல்நிலை வகுப்புகள் வந்தபின் அந்தப் பொறுப்பு பள்ளியின் தோளுக்கு மாறியது. ஆகவே இன்று பள்ளியில் செய்முறை நடக்கவில்லையென்றால், மாணவருக்கு அது நடக்கவேயில்லை என்றுதான் பொருள்.

இன்று மேல்நிலை உயிரியலின் 100 மதிப்பெண்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று பிரிக்கப்பட்டுள்ளது. எழுத்துத் தேர்வின் 70இல் உயிரி-தாவரவியலுக்குப் பாதி, உயிரி-விலங்கியலுக்குப் பாதி. செய்முறைக்கு உரியது ஐந்தில் ஒரு பங்குதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் மற்ற 70 மதிப்பெண்ணுக்கான செய்திகளெல்லாம் யாரோ ஒருவர் ஓர் ஆய்வகத்திலோ காட்டிலோ கண்டு எழுதிவைத்தவையே. அவர்கள் கண்ட வழியை நாமும் ஒருமுறை நடந்து பார்ப்பதற்காகவே அந்த 20 மதிப்பெண் வைக்கப்பட்டிருக்கிறது எனலாம்.

முதலில் குறைந்த பெருக்கம்

நுண்ணோக்கியைப் பயன்படுத்துவோர் முதலில் குறைந்த பெருக்கத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. கண்ணருகு லென்சு 10 மடங்கும், பொருளருகு லென்சு 10 மடங்கும் பெருக்கினால் நாம் காண்பது 100 மடங்கு பெரிதான உருவம். பொருளருகு லென்சை மாற்றி 400 மடங்குக்குப் போகும்போது இரண்டு மாறுதல்கள் ஏற்படுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பரப்பு சுருங்கிவிடுகிறது. லென்சுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மிகவும் குறைந்துவிடுகிறது. நேராகப் பெரிய லென்சுக்குப் போகிறவருக்குத் தேடுவது கிடைக்காது. பெரிய திருகைத் திருப்பித் தேடினால் தகடு உடையும், லென்சில் கீறல் விழும். அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு லென்சு பழுதானால் அடுத்த லென்சு வரும் வரையில் எத்தனை வகுப்புகள் கடந்துபோகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த விதி நமக்குப் பின் வரும் மாணவருக்காகவும் ஏற்பட்டது.

வரைவதற்கு முன் பார்

ரெக்கார்டு நோட்டில் ஒருபுறம் கோடில்லாத தாள், மறுபுறம் கோடிட்ட தாள். கோடில்லாத பக்கம் கண்ணுக்கு. கோடிட்ட பக்கம் கருத்துக்கு. படத்தில் நிழல் தீட்டக் கூடாது, தெளிவான ஒற்றைக் கோடாக வரைய வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நிழல் அழகைக் காட்டும். கோடு எல்லையைக் காட்டும். ஒரு செல் எங்கே முடிகிறது, அடுத்த செல் எங்கே தொடங்குகிறது என்று முடிவு செய்தாலன்றிக் கோடு போட முடியாது. முடிவு செய்ய வேண்டுமானால் பார்த்தாக வேண்டும்.

ஆனால் நடைமுறையில் நாம் காண்பது வேறு. மாலை வேளையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம், லால்குடி, மண்ணச்சநல்லூர் பேருந்துகளுக்காக நிற்கும் பள்ளி மாணவர்களைக் கவனித்தால் உண்மை விளங்கும். மடியில் இரண்டு ரெக்கார்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று சென்ற ஆண்டு படித்த அண்ணன் அல்லது அக்காவினுடையது, மற்றொன்று தம்முடையது. பேருந்து வருவதற்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படம் இறங்கிவிடும். இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

பதினோராம் வகுப்புத் தாவரவியலில் ஃபேபேசி குடும்பத்துக்குச் சங்குப்பூவை எடுத்துக்காட்டாகப் படிக்கிறோம். அகன்ற கொடியல்லி ஒன்று, சிறகல்லி இரண்டு, படகல்லி இரண்டு என ஐந்து அல்லிகள். மகரந்தத் தாள்கள் பத்து. அவற்றில் ஒன்பது ஒரு கற்றையாக இணைந்தும் ஒன்று தனித்தும் இருக்கும். சூலகம் ஒற்றைச் சூலக இலையால் ஆனது. இது வேலியில் படரும் ஒற்றைச் சங்குப்பூவுக்குப் பொருந்தும். வீட்டு வாசலில் அழகுக்காக வளர்க்கும் அடுக்குச் சங்குப்பூவை எடுத்துப் பாருங்கள்: இதழ்கள் எல்லாமே ஏறத்தாழ கொடியல்லியைப் போல் அகன்றிருக்கும், படகல்லி என்று காட்ட ஒன்றும் இராது. அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டே நோட்டில் படகல்லி வரைகிற மாணவர் இருக்கிறார். கை உண்மையைப் பிடித்திருக்கிறது. பென்சில் வேறொன்றை எழுதுகிறது. பார்த்து எழுதுவதால் ஏற்படும் நட்டம் இதுவே. பூவை நம்பாமல் நோட்டை நம்பக் கற்றுக்கொள்கிறோம்.

இனம் காண்க, காரணம் கூறுக

செய்முறைத் தேர்வில் மேசை மேல் வரிசையாக வைக்கப்படும் மாதிரிகளை மாணவர்கள் ஸ்பாட்டர் என்பார்கள். இனம் கண்டால் மட்டும் போதாது. காரணங்களையும் எழுத வேண்டும். இந்த விதி மிகவும் சிறந்தது. பெயர் மனப்பாடத்தில் வரும். காரணம் பார்வையில்தான் வரும்.

இதற்குப் பயிற்சி எடுக்க ஆய்வகம்கூடத் தேவையில்லை. சத்திரத்துப் பூக்கடையில் முழம் போட்டு விற்கும் செவ்வந்தியை எடுத்துக்கொள்வோம். ஊரெல்லாம் அதைப் பூ என்கிறது. தாவரவியல் அதை மஞ்சரி என்கிறது. காரணம் கேட்டால், நாம் இதழ் என்று நினைத்துப் பிய்ப்பது ஒவ்வொன்றும் ஒரு தனி மலர். நடுவில் நெருங்கியிருப்பவை வேறு வகையான சிறு மலர்கள். பக்கத்துக் கடையில் வாங்கும் வெங்காயமும் அவ்வாறே. நாம் உண்பது தடித்த இலைகளை. அடியில் வெட்டி எறியும் சிறிய வட்டுதான் தண்டு. அந்த வெங்காயத்தை ஒரு தம்ளர் தண்ணீரின் மேல் அடிப்பகுதி நனைய வைத்தால் சில நாளில் வேர் விடும். வேர் நுனியை அசிட்டோகார்மின் சாயமிட்டு நசுக்கிப் பார்த்தால் செல் பிரிதலின் நிலைகளைக் காணலாம். வெங்காயத்தின் உடல் செல்லில் குரோமோசோம்கள் 16.

பெயருக்கு ஏன் அடிக்கோடு?

அறிவியல் பெயர் இரண்டு சொற்களால் ஆனது. முதற்சொல் பேரினம், இரண்டாம் சொல் சிற்றினம். 1753ஆம் ஆண்டு வெளியான லின்னேயசின் நூலிலிருந்து தாவரங்களுக்கு இம்முறை கணக்கிடப்படுகிறது. அச்சில் சாய்ந்த எழுத்தாகவும் கையெழுத்தில் அடிக்கோடிட்டும் காட்டுவது, இது எந்த மொழியின் வழக்குச் சொல்லும் அன்று, உலகுக்குப் பொதுவான பெயர் என்று அறிவிப்பதற்காகவே.

தமிழ் வழியில் பயின்று வரும் நம் போன்றவர்களுக்கு இப்பெயர்கள் முதலில் அச்சம் தருவது இயல்பு. புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலகவட்டம் என்று தமிழில் நன்கு விளங்கியவை கல்லூரியில் ஆங்கிலச் சொற்களாக வரும்போது, பாடமே புதிதோ என்று மயங்குகிறோம். இங்குதான் பார்த்துப் படித்தவருக்கும் மனப்பாடம் செய்தவருக்கும் வேறுபாடு தெரிகிறது. ஊமத்தைப் பூவைப் பிரித்து, இணைந்த ஐந்து அல்லிகளையும் அவற்றோடு ஒட்டிய ஐந்து மகரந்தத் தாள்களையும் ஒருமுறை எண்ணியவருக்குச் சொல் மாறினாலும் பொருள் மாறுவதில்லை. வீட்டில் பாடம் சொல்லித்தர எவரும் இல்லாத மாணவருக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை.

உயிருக்கு இரங்கும் ஒழுங்கு

முந்தைய தலைமுறையில் விலங்கியல் செய்முறை என்றாலே தவளையும் கரப்பான்பூச்சியும் அறுப்பது என்று பெயர். பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014இல் கல்லூரிகளின் விலங்கியல் வகுப்புகளில் அறவே நிறுத்துமாறு அறிவித்தது. இதனால் செய்முறையே போய்விட்டது என்று வருந்துவோர் உண்டு. உயிரைக் கொல்லாமல் உயிரைப் படிக்க வழிகள் பல இருக்கின்றன.

கறிவேப்பிலைச் செடியிலோ எலுமிச்சையிலோ எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிறது. இளம்புழு பறவையின் எச்சம் போலத் தோன்றும், வளர்ந்தபின் இலையின் பச்சை நிறம் பெறும், பிறகு கூட்டுப்புழு, பிறகு சிறகு. நாள்தோறும் ஒரு படம், ஒரு வரி எழுதினால் உருமாற்றம் என்ற பாடம் முழுவதும் நோட்டில் ஏறிவிடும். வசதியுள்ள பள்ளிகள் மாணவர்களை ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாம். சத்திரத்திலிருந்து அது நெடுந்தொலைவு அன்று.

தேதியும் இடமும்

ரெக்கார்டில் தேதி இல்லாவிட்டால் ஆசிரியர் திருப்பித் தருகிறார். இது வெறும் அலுவலக வழக்கம் என்று நினைப்போருக்குச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே விடை இருக்கிறது. தூய வளனார் கல்லூரியில் 1967ஆம் ஆண்டு அருட்தந்தை கே. எம். மேத்யூ நிறுவிய ராபினாட் ஹெர்பேரியம் உள்ளது. உலர்த்தி அழுத்திய செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் தொகுப்புக்கே ஹெர்பேரியம் என்று பெயர். மேத்யூவும் அவருடைய குழுவினரும் ஊர் ஊராகச் சென்று செடிகளைச் சேகரித்தனர். அதன் பயனாகத் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய பெருநூல் 1980களில் பல தொகுதிகளாக வெளிவந்தது.

அத்தகைய தாள் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சீட்டு இருக்கும். செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர், எண் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். பெயர் தவறாயிருந்தால் பின்னால் வரும் அறிஞர் திருத்திக்கொள்வார். இடமும் தேதியும் இல்லாவிட்டால் எவராலும் திருத்த முடியாது. அது காய்ந்த இலை, அவ்வளவே. இருந்தாலோ, இன்ன ஆண்டில் இன்ன ஊரில் இச்செடி வாழ்ந்தது என்பதற்கு அது சாட்சி. ஏரி தூர்ந்து வீட்டுமனை ஆனபிறகும் அந்தச் சாட்சி பேசும். பதினாறு வயது மாணவர் தம் நோட்டில் இடும் தேதியும் அதே மரபின் முதல் படியாகும்.

செய்ய வேண்டுவன

2017 முதல் தமிழக மாணவர்கள் நீட் தேர்வின் வழியாகவே மருத்துவப் படிப்புக்குச் செல்கின்றனர். அதன் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு உரியவை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. பல எளிய வீடுகளில் அது விளக்கேற்றியதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் பயிற்சிக்காகச் செய்முறை வேளையையும் எடுத்துக்கொள்ளும் போக்கு வளர்ந்து வருகிறது. உயிரியல் படிப்போர் அனைவரும் மருத்துவர் ஆவதில்லை. செவிலியராக, வேளாண் அலுவலராக, ஆசிரியராக, விவசாயியாகப் போகிறவர்களே மிகுதி. அவர்கள் எல்லோருக்கும் வேண்டியது கண்டதைக் கண்டபடி சொல்லும் பழக்கமே.

ஆகவே பள்ளி ஆசிரியர்கள் ஒவ்வொரு கட்டளையோடும் அதன் காரணத்தை ஒரு வரியில் சொல்லித்தர வேண்டும். புத்தகத்திலிருந்து மாறுபட்ட பூவை அப்படியே வரைந்து வரும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்காமல் பாராட்டு வழங்க வேண்டும். நம் போன்ற கல்லூரி மாணவர்களுக்கும் கடமை உண்டு. நம் வகுப்பில் சிலர் நுண்ணோக்கியை முதன்முதலாகத் தொட்டது இக்கல்லூரியில்தான். அடுத்து வருவோருக்கு அந்த நிலை வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பேராசிரியர்களின் அனுமதியோடு நாலைந்து பேர் அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குச் சென்று, வெங்காயத் தோலைச் சாயமிட்டுக் காட்டினால் போதும். செலவு ஒரு வெங்காயமும் சில சொட்டுச் சாஃப்ரனினும். ஒவ்வொரு மாணவரும் தம் கண்ணால் ஒரு செல்லைப் பார்த்து, தம் கையால் வரைந்து, அன்றைய தேதியை இடட்டும். அந்த ஒரு பக்கம் எவருடைய நோட்டிலிருந்தும் பார்த்து எழுதியதாக இராது.