ஒட்டகம் அறியாத எல்லை

மழை பெய்த திசைக்கு ஒட்டகம் ஓட்டிச் செல்பவனுக்குச் சொந்த ஊர் எது? விலங்கியல் வகுப்பில் எனக்கு எழுந்த ஐயம் இது.

கென்யாவின் வடகிழக்கில் வாழும் சோமாலி மேய்ப்பரின் மேய்ச்சல் நிலத்தை வெள்ளையர் வகுத்த எல்லை பிளந்தது. 1963-இல் நாடு விடுதலை பெற்ற வேளையில் அவர்களுள் பெரும்பாலோர் சோமாலியாவுடன் இணையவே விரும்பினர். அன்று பிடித்த சந்தேகம் விடவில்லை. 1989-இல், பதினெட்டு வயது கடந்த சோமாலியர் அனைவரும் தாம் கென்யரே என மெய்ப்பிக்க வேண்டுமென அரசு ஆணையிட்டது! தேறியவர்க்கு இளஞ்சிவப்பு அட்டை. மந்தையோடு அலைபவனிடம் பிறப்புச் சான்று ஏது?

என் தந்தைக்கும் பிறந்த நாள் தெரியாது. வாக்காளர் பட்டியலில் எவரோ எழுதியதே அவர் வயது. ஆயினும் அவரை அயலார் என்று யாரும் சொன்னதில்லை.

அங்கே அடையாள அட்டையின்றி வாக்குரிமை இல்லை. வங்கிக் கணக்கும் இல்லை. எல்லைப்புறத்தாருக்கு இருந்த தனி விசாரணையைக் குடியரசுத் தலைவர் ரூட்டோ நீக்கியது 2025 பிப்ரவரியில்தான்.