மஞ்சள் விற்க வலைத்தளம்: பெயர்ப் பதிவில் கவனம் தேவை

மஞ்சளைப் பொடியாக்கி நேரடியாக விற்கும் கொங்கு மண்டலச் சிறு விவசாயிகளுக்குச் சொந்த வலைத்தளம் நல்ல உதவி. வெளியூர் வாடிக்கையாளர்கள் விலையைப் பார்த்து நேரே பணம் அனுப்பிச் சரக்கு வாங்கலாம்.

முதலில் தளத்தின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். '.இன்' என்று முடியும் பெயர்களையும், தமிழிலேயே எழுதும் '.இந்தியா' பெயர்களையும் 'நிக்சி' நிறுவனம் நிர்வகிக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்களிடம் பதியலாம்.

தளம் அமைத்துத் தருபவரின் பெயரில் பதிய விடக்கூடாது. பின்னர் அவருடன் தகராறு வந்தால், பையில் அச்சிட்ட முகவரியே கைவிட்டுப் போய்விடும். பதிவு, மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றும் விவசாயியின் வசமே இருக்க வேண்டும். கெடுவுக்குள் புதுப்பிக்கத் தவறினால் அப்பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

தளத்தில் எடை, விலை, அனுப்பும் செலவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்தவர்களே அக்குறியீட்டைப் போடலாம்.

தனியே செலவு செய்ய இயலாதவர்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து ஒரே தளம் அமைக்கலாம். அப்போது தளத்தின் பெயரை நிறுவனத்தின் பேரிலேயே பதிவது நலம்.